எண் தெரிந்தவர்களுக்கு மட்டும்

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில் நான் தி. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பாண்டி பஜாருக்குப் பின்னால், புடவைக் கடைகளின் குடோன்கள் நிறைந்த ஒரு தெருவில் இரண்டு மாடிகள் எங்களுடையவை. முதல் மாடியில் வரவேற்பும் ரத்தம் எடுக்கும் இடமும். அதற்கு மேலே சோதனைக் கருவிகள், டாக்டரின் அறை, மூலையில் என் அறை. என் அறைக்கு ஏ.சி. உண்டு. அது கம்ப்யூட்டருக்காக, எனக்காக இல்லை என்று டாக்டர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மயிலாப்பூர்க்காரர். லேப் அவருடையது. காலை ஏழரைக்கு வந்துவிடுவார். கத்தவே மாட்டார், ஆனால் அவர் குரல் தாழத் தாழக் கோபம் ஏறுகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

கீழே வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருவார். அப்பா அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷின் ஓட்டினார். அம்மா இவர் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். தங்கையை வளர்த்தது இவர்தான். டைப்ரைட்டிங் ஹயர் முடித்துவிட்டு இந்த மேசைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வருகிற நோயாளிகளில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர், தங்கைக்கு நிச்சயம் செய்து முடித்திருந்தார். பத்திரிகை லேபில் எல்லோருக்கும் வந்துவிட்டது. என் மேசையிலும் ஒன்று, நான்கு முனையிலும் மஞ்சள் தடவி.

எங்களிடம் ஒரு பழைய யூனிக்ஸ் மிஷின் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து காட்டும் டெர்மினல். ஆளுக்கொரு மெனு. மெனுவில் இல்லாததை யாரும் செய்ய முடியாது.

ஃபைல்களைப் பிரித்துப் போட்டு வைக்கும் டைரக்டரிகளில் ஒன்று மட்டும் தனி. எச்.ஐ.வி. சோதனை முடிவுகள் இருந்த டைரக்டரி அது. அந்தப் பெயரை அப்போது லேபுக்குள்ளேகூட யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ‘அந்த டெஸ்ட்’ என்போம். ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். அதே எண் நோயாளியின் சீட்டிலும் டாக்டரின் நோட்டிலும் இருக்கும். கம்ப்யூட்டரில் ஃபைலின் பெயரும் அந்த எண்ணே. ஃபைலைத் திறந்தால்தான் உள்ளே பெயர், வயது, தெரு, முடிவு எல்லாம் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இதை நீ பார்க்கப்படாது. ஃப்ரன்ட்ல உக்காந்துண்டு இருக்கறவளும் பார்க்கப்படாது. ஆனா பேஷன்ட் நம்பரை எடுத்துண்டு வந்தா அவதான் அதை அடிச்சாகணும். ப்ரின்ட் என் ரூம்ல வரணும். எப்படிப் பண்ணுவியோ பண்ணு.”

யூனிக்ஸில் அது சுலபமாகவே இருந்தது. ஒரு டைரக்டரிக்கு அங்கே மூன்று உரிமைகள். படிக்கும் உரிமை இருந்தால் உள்ளே என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்ற பட்டியலைப் பார்க்கலாம். எழுதும் உரிமை இருந்தால் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், இருப்பதை அழிக்கலாம். மூன்றாவதற்கு ‘எக்ஸ்’ என்று பெயர். அது டைரக்டரி வழியாகக் கடந்துபோகும் உரிமை. வரவேற்பு மேசைக்கு நான் அந்த மூன்றாவதை மட்டும் கொடுத்திருந்தேன். எண் தெரிந்தால் நேராக அந்த ஃபைலுக்குப் போகலாம். எண் தெரியாதவருக்கு உள்ளே நூறு ஃபைல் இருக்கிறதா, ஒன்றும் இல்லையா என்பதுகூடத் தெரியாது. டாக்டரிடம் இதை விளக்கியபோது தலையை ஆட்டினார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் பழைய மிஷின்கள் தேதி குழம்பி நின்றுபோகும் என்ற பயம் ஊரெல்லாம் கிளம்பியது. எங்கள் மிஷினும் பழசு. டாக்டர் புதிதாக விண்டோஸ் என்.டி. சர்வர் ஒன்றும், மேசைகளுக்கு விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் வாங்கினார். எல்லாவற்றையும் அதற்கு மாற்றும் பொறுப்பு என்னுடையது.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப் மூடியிருந்தபோது, அதைச் செய்தேன். காலை எட்டு மணிக்கு மந்தைவெளியிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தேன். ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் புது சர்வருக்குப் போயின. புது மிஷினில் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்றெழுத்தும் இருந்தால்தான் அதை எதில் திறப்பது என்று மிஷினுக்குத் தெரியும் என்பதால் அதையும் சேர்த்தேன். மதியம் மூன்று மணிக்கு அந்த டைரக்டரியின் முறை வந்தது.

இங்கே உரிமைகளின் பெயர்களே வேறு. ஒரு சின்னப் பெட்டியில் பட்டியல் போட்டுக் காட்டியது: அனுமதி இல்லை, பட்டியல் பார்க்கலாம், படிக்கலாம், மாற்றலாம், முழு அதிகாரம். கீழே கடைசியில் ‘ஸ்பெஷல்’ என்று ஏதோ ஒன்று. கடந்துபோக மட்டும் என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. முதலில் வரவேற்பு மேசைக்கு எதுவும் கொடுக்காமல் எண்ணை அடித்து ரிப்போர்ட் எடுக்கும் எங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். சோதித்துப் பார்க்க டாக்டர் கொடுத்திருந்த போலி எண்ணை அடித்ததும் அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது. ‘படிக்கலாம்’ என்பதைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். டாக்டர் அறையில் பிரின்டர் கரகரத்தது.

வேலை செய்கிறது என்று எழுந்துவிட்டேன். பசி வேறு.

இந்த லேபுக்கு வருமுன் அடையாறில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் நெட்வேர் என்ற வேறொரு சிஸ்டத்தோடு வேலை பார்த்திருந்தேன். அங்கே உரிமை இல்லாதவர் கண்ணுக்கு டைரக்டரியே தெரியாது. யூனிக்ஸில் பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. இந்த இரண்டு பழக்கமும் எனக்குள் ஊறியிருந்தன. இரண்டிலும், கதவு தானாகத் திறந்துகொள்ளாது என்ற நம்பிக்கை ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் மூன்றாவது சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். வரவேற்பில் உட்காருகிறவரின் கண்ணால் அந்த டைரக்டரியை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை. கீழே பதினைந்து பேர் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள். குடைகளிலிருந்து தண்ணீர் ஓடித் தரையெல்லாம் ஈரம். நான் மேலே போகப் படியில் கால் வைத்தபோது வரவேற்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம்.”

முகம் வீங்கியிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

“ரியாக்டிவ்னா இன்னா மேடம்?”

நான் திரும்பி அவர் திரையைப் பார்த்தேன். எங்கள் லேபில் மற்ற ரிப்போர்ட்டுகளில் ‘பாசிட்டிவ்’ என்றுதான் போடுவோம், இந்தச் சொல் கிடையாது. அந்த டைரக்டரியில் இருந்த காகிதங்களில் மட்டும்தான் வரும்.

“எங்க பாத்தீங்க?”

“சும்மாதான் கேட்டேன். யாரோ சொல்லிக்கினு இருந்தாங்க.” உடனே காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். “அடுத்தது யாரு? சீட்ட குடுங்க.”

மேலே ஓடினேன். செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்விட்டேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. என் மேசையில் நான் அட்மினிஸ்ட்ரேட்டர், என் திரையில் எல்லாமே தெரியும். அதனால் வெளியே வந்து, வரவேற்பின் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு, ஓரமாகக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தேன். ‘மை கம்ப்யூட்டர்’ என்ற படத்தை அழுத்தினேன். சர்வர் ஒரு டிரைவாகத் தெரிந்தது. அதை அழுத்தினேன். டைரக்டரிகள் மஞ்சள் ஃபோல்டர்களாக வரிசையாக வந்தன. அந்த ஃபோல்டரை அழுத்தினேன்.

எண்கள். திரை முழுக்க எண்கள். பக்கவாட்டில் இழுத்தால் இன்னும் எண்கள். எதை இரண்டு முறை அழுத்தினாலும் திறந்துகொள்ளும். நான் சேர்த்து வைத்த அந்த மூன்றெழுத்தின் உபயம் அது.

ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்த ‘படிக்கலாம்’ என்ற உரிமையில் இரண்டு உரிமைகள் சேர்ந்தே இருந்தன. ஃபைலைப் படிப்பது ஒன்று, டைரக்டரியின் பட்டியலைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் கடைசியில் இருந்த ‘ஸ்பெஷல்’ பக்கம்தான் போக வேண்டும். டைரக்டரிக்கு ஒன்று, ஃபைல்களுக்கு ஒன்று என இரண்டு தனித்தனிப் பெட்டிகள் அங்கே இருந்தன. டைரக்டரிக்குக் கடந்துபோகும் உரிமை மட்டும், ஃபைல்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தேன். மறுபடி வரவேற்பின் பெயரில் நுழைந்து ஃபோல்டரை அழுத்தினேன். அனுமதி இல்லை என்றது. புரோகிராமில் டாக்டரின் அந்தப் போலி எண்ணை அடித்தேன். பிரின்ட் வந்தது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒன்றரை நாளுக்கு மேல் அது திறந்து கிடந்திருக்கிறது.

யார், எதை, எத்தனை முறை திறந்தார்கள் என்று சர்வரிடம் கேட்க வழியில்லை. அப்படிக் குறித்து வைக்கும் வசதி அதில் இருந்தது, நாமே சொன்னால்தான் அது குறிக்கும். நான் சொல்லியிருக்கவில்லை. மாலை பஸ்ஸில் நிதானமாக யோசித்திருந்தால் வேறு வழி தோன்றியிருக்கலாம். அப்போது ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. விண்டோஸில் ‘ஸ்டார்ட்’ பட்டனுக்குள், கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பெயர்கள் தானாகவே ஒரு பட்டியலாகச் சேர்ந்துவிடும்.

பதினொன்றரைக்குக் கூட்டம் குறைந்ததும் வரவேற்பிலிருந்தவர் காபி குடிக்கப் போனார். நான் கீழே இறங்கி அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டியலில் நான்கு எண்கள் இருந்தன.

நான்கு பேர். அவர்களில் எவரையும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இரண்டு முறை அழுத்தினால் போதும், அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் எனக்கு எல்லாக் கதவும் திறக்கும். யூனிக்ஸிலும் திறக்கும்தான். மூன்று வருடமாக ஒரு முறைகூட நான் திறந்ததில்லை. அன்று என் விரல் மௌஸின் மேல் இருந்தது. அவர் எதைப் பார்த்துவிட்டு அழுதார் என்று தெரிந்துவிடும். நான் அழுத்தவில்லை. நல்லவள் என்பதால் இல்லை, பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

“இன்னா மேடம், என் சீட்ல இன்னா தேடறீங்க?”

கையில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, “வாங்க” என்றார்.

மருந்துப் பெட்டிகளும் காலி பாட்டில்களும் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமுக்குள் போனோம். கதவைச் சாத்தினார்.

“நான் வேணும்னு பண்ணல மேடம். நேத்திக்கு மௌஸ் பழகிக்கினு இருந்தேன். நீங்கதானே சொன்னீங்க, அழுத்தி அழுத்திப் பாருங்க, ஒண்ணும் ஆவாதுன்னு. மஞ்சளா ஒண்ணு இருந்துச்சி, அழுத்துனேன். நம்பரா வந்துச்சி. ஒண்ணத் தொறந்தேன். யாரோ பேரு. பயந்து மூடிட்டேன். அப்பால இன்னொண்ணு. அது தப்புன்னு தெரியும் மேடம். தெரிஞ்சேதான் பாத்தேன். நாலாவது...”

நிறுத்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“நாலாவது எங்க மாப்ள.”

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது: தங்கைக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை.

“அதே பேர்ல வேற யாராவது...”

“பேரு, அப்பா பேரு, தெரு, வேளச்சேரி ஊட்டு நம்பரு. நிச்சயதார்த்தத்துக்கு நானே அந்த ஊட்டுக்குப் போயி வந்தேன் மேடம். அவுரு எப்ப வந்தாரு இங்க? நான் பாக்கவே இல்லியே.”

அவர் வந்திருக்கவே மாட்டார். அந்த டெஸ்டுக்கான ரத்தம் பெரும்பாலும் வெளி டாக்டர்களிடமிருந்து, எண் ஒட்டிய குழாயில்தான் வரும். எந்த லேபுக்குப் போகிறது என்றுகூடக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்காது.

“இன்னிக்குச் சாயந்தரம் எங்க நைனா கிட்ட சொல்லிடப் போறேன். பன்னண்டு நாளு கீது மேடம் கல்யாணத்துக்கு. மண்டபம் சொல்லியாச்சி. நிறுத்தணும்.”

“கொஞ்சம் பொறுங்க. டாக்டர் கிட்ட கேக்கலாம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் நீங்க நெனைக்கிறதுதானான்னு...”

“டாக்டர் கிட்ட போனா என் வேல பூடும்.”

“என் வேலையும்தான் போகும்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“நீங்கதானே மேடம் தொறந்து வெச்சீங்க?”

தப்பித்துக்கொள்ளப் பல பதில்கள் இருந்தன. புது சிஸ்டம் அப்படி, அதில் உரிமைகளின் அர்த்தமே வேறு, எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை என்றெல்லாம் வாய்வரை வந்தது. அதில் எதுவும் பொய் இல்லை.

“ஆமா. நான்தான்” என்றேன். “நான் முதல்ல போய்ச் சொல்றேன். அப்புறம் நீங்க வாங்க.”

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“மூடியாச்சா?”

“ஆச்சு டாக்டர்.”

“நீ என்ன பண்ணிண்டிருந்தே ஞாயித்துக்கிழமை? ஃப்ரன்ட்லேந்து ஒரு தடவை பாத்தியோ?”

“இல்ல டாக்டர்.”

குரல் இன்னும் தாழ்ந்தது. “எத்தனை ஃபைலை அவ பாத்தா?”

“நாலு.”

“நாலு பேர்” என்று திருத்தினார். “எந்தெந்த நம்பர்னு எழுதி என் கையில குடு. அதைத் தவிர வேற யார் காதுலயும் விழப்படாது. அவளைக் கூப்பிடு.”

வரவேற்பிலிருந்தவர் உள்ளே வந்து கதவருகே நின்றார். டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“டாக்டர், என் தங்கச்சி கழுத்துல தாலி ஏறப் போவுது. எனக்கு ஒண்ணு சொல்லுங்க, அது அந்த நோயா?”

டாக்டர் என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே மழைச் சத்தம். பிறகு பேசியபோது எந்தப் பெயரையும் எடுக்கவில்லை.

“யாரைப் பத்திக் கேக்கறேன்னு எங்கிட்ட சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன். பொதுவா சொல்றேன், கேட்டுக்கோ. முதல் டெஸ்ட் சும்மா ஒரு சந்தேகம் எழுப்பற டெஸ்ட். நோய் இருக்கறவாளை விட்டுடக் கூடாதுன்னு இல்லாதவாளையும் சில சமயம் பிடிச்சு நிறுத்தும். அதனாலதான் அந்தக் காகிதத்துல ரெண்டாவது வரி ஒண்ணு போட்டிருக்கு. படிச்சியா?”

“இங்கிலீசுல நெறைய போட்டு இருந்துச்சி. ஒரு வார்த்ததான் பாத்தேன்.”

“ரெண்டாவது டெஸ்டுக்கு அனுப்பியிருக்குன்னு போட்டிருக்கும். அது வரவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்டவாளுக்கே நான் இன்னும் சொல்லல.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்கள் இருவரையும் அடித்தது. வேளச்சேரியில் ஒரு மனிதர் அன்று காலை எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போயிருக்கிறார். தன் ரத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று அவருடைய வருங்கால மனைவியின் அக்காவுக்குத் தெரிகிறது. என்னால்.

“அவுரு சொல்லாம கல்யாணம் பண்ணிக்கினா?”

“அதைத் தடுக்கறது என் வேலை. கூப்பிட்டுப் பேசுவேன். ஒரு வாரம் குடு. நீ இன்னிக்குப் போய் ஆத்துல சொன்னா, நாளைக்கு உங்க தெருவுக்கே தெரியும். அப்புறம் ரெண்டாவது டெஸ்ட்ல ஒண்ணுமில்லேன்னு வந்தாலும் அந்த மனுஷனை யார் நம்புவா?”

வரவேற்பிலிருந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வாரம்” என்றார். அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டேன் என்பது அந்தக் குரலில் இருந்தது.

எங்கள் இருவரையும் டாக்டர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

அந்த நாட்களில் இருந்ததைப் போல் நான் வேறெப்போதும் இருந்ததில்லை. வரவேற்பிலிருந்தவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் தங்கை மணப்பெண் பிளவுஸ் தைத்து வாங்கி வந்து காட்டியதை இவர் சிரித்துக்கொண்டே ரத்தம் எடுக்கும் நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் தினமும் காலை முதல் வேலையாக வரவேற்பின் பெயரில் நுழைந்து அந்த ஃபோல்டரை அழுத்துவேன். அனுமதி இல்லை என்று வரும். மதியம் மறுபடி அழுத்துவேன். மற்ற ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சம்பளப் பட்டியல் இருந்த ஃபோல்டர்கூட எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது. புது சிஸ்டத்தில் ஒரு ஃபோல்டரை உருவாக்கினால், வேண்டாம் என்று நாம் சொல்லும்வரை அது எல்லோருக்கும் சொந்தம். யூனிக்ஸில் இப்படி இருக்காது என்று யாரிடமாவது சொல்லிப் புலம்ப வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். நான் புது பிரின்டர் வயரை மாட்டுவதற்காக வரவேற்பு மேசைக்குக் கீழே குனிந்திருந்தேன். முதலில் மழையில் நனைந்த பேன்ட்டும் செருப்பும் தெரிந்தன.

“அக்கா?” என்றது ஓர் ஆண் குரல். “நீங்க... இங்கயா வேல செய்யறீங்க? ஏதோ லேபுன்னுதான் சொன்னாங்க.”

எழுந்திருக்காமல் அப்படியே இருந்தேன். மேலே நாற்காலி பின்னால் நகர்ந்தது.

“வாங்க” என்றார் மேசையிலிருந்தவர். குரல் வழக்கம்போலவே இருந்தது. அதற்கு அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். “சீட்டு இருக்கா? குடுங்க.”

ஐந்து இலக்க எண்ணை அவர் அடிப்பது கேட்டது. ஒவ்வொரு விசையாக, மெதுவாக. பிறகு என்டர்.

“மேல ரெண்டாவது ரூம்பு. டாக்டர் கூப்டுவாங்க.”

மாப்பிள்ளை படியேறிப் போன பிறகுதான் நான் வெளியே வந்தேன். நானும் வரவேற்பிலிருந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவர் என்னிடம் பேசினார். “தண்ணி குடுங்க மேடம்.”

முக்கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளை இறங்கி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல உயரம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். நேராகத் தெருவுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படிப் போனால் மேசையிலிருப்பவர் அன்றே வீட்டில் சொல்லிவிடுவார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

“அக்கா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? உங்க கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். வேற யாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தான் சொல்லணும்.”

இருவரும் மாடிப்படியின் திருப்பத்தில், தூவானம் அடிக்கும் ஜன்னலோரம் நின்று பேசினார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். வந்தவர்களின் சீட்டை வாங்கி, பெயரைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பேசியது கேட்கவில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் ஒப்பிக்கிற மாதிரி நின்றது மட்டும் தெரிந்தது.

பேசியதை அன்று மதியம் வரவேற்பிலிருந்தவரே எனக்குச் சொன்னார். கூட வேலை செய்கிறவரின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று மாப்பிள்ளை ரத்தம் கொடுத்திருக்கிறார். அங்கே ஏதோ சந்தேகம் வந்து, மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடையாறில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். இப்போது இரண்டாவது டெஸ்டுக்குப் போயிருக்கிறது.

“முடிவு வர்ற வரிக்கும் கல்யாணம் வேணாம்னு அவுரே சொல்லிட்டாரு மேடம். ஊட்ல நான் சொல்லிக்கறேன், உங்க தங்கச்சிக்கு மட்டும் நெசத்த சொல்லுங்க, அவங்க வேணாம்னா நான் ஒத்துக்கறேன்னு சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னா சொல்றது? சரின்னேன்.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “எனக்கு முன்னமே தெரியும்னு சொல்லல மேடம். அந்த ஆளு எம்மாந் தைரியத்த வரவழைச்சிக்கினு வந்து நின்னாரு. எனக்குத் தெரியும்னு சொன்னா அதுக்கு இன்னா மரியாத?”

கல்யாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். தங்கைக்கு மட்டும் உண்மை தெரியும். அந்தப் பெண் ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு, முடிவு வரட்டும் என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் கேட்ட ஒரு வாரம் பத்து நாளாகிவிட்டது. பதினோராவது நாள் இரண்டாவது டெஸ்டின் காகிதம் வந்தது. அதில் ஒன்றுமில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார் டாக்டர். அதிலும் ஒன்றுமில்லை.

மற்ற மூன்று பேர்? அவர்களைப் பற்றி எனக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவர்களிடம் சொல்ல வேண்டாமா என்று ஒரு நாள் டாக்டரைக் கேட்டேன். “சொன்னா என்ன ஆகும்? ஏற்கெனவே பயந்துண்டு இருக்கறவாளை இன்னும் பயமுறுத்தறதா?” என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி தங்கள் காகிதத்தைப் படித்தாள் என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஓர் உரிமை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த உரிமையைக் கொடுக்காமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் சின்ன மண்டபம். பரிசு கொடுக்க மேடையேறியபோது, வரவேற்பிலிருந்தவர் என்னை மாப்பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினார். “எங்க கம்ப்யூட்டர் மேடம்.”

அவர் கை கூப்பினார். “அக்கா அடிக்கடி சொல்லுவாங்க. உங்க லேபுல எல்லாரும் ரொம்ப நல்லவங்க மேடம். அன்னிக்கு அவ்வளவு ஜாக்கிரதையா, யாருக்கும் தெரியாம பாத்துக்கிட்டீங்க.”

நான் கையிலிருந்த பரிசை அவரிடம் நீட்டினேன். பக்கத்தில் பட்டுப் புடவையில் நின்றிருந்த அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். போட்டோக்காரர் எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். படம் எடுத்து முடிந்ததும், “பந்தி போட்டாச்சி, சாப்ட்டுட்டு தான் போவணும்” என்று அக்கா என்னைக் கீழே அழைத்துக்கொண்டு போனார்.